செய்தி பாக்குறத நிறுத்திட்டு படிக்கணுமா? எங்க ஊரே செய்தியான பிறகு ஒண்ணும் புரியல

தெக்கத்திப்புள்ள
2024 ஜனவரி 20, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் ப்ளஸ் டூ படிக்கேன், பயோ மேத்ஸ், தமிழ் மீடியம். ஊரு தூத்துக்குடி மாவட்டத்துல ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவுல, வீட்டுல இருந்து தாமிரபரணி ஆத்துக்கு நடந்தே போயிரலாம். மார்ச் 1 பப்ளிக் எக்ஸாம், பிராக்டிகல் பிப்ரவரியிலயே வந்துரும். நான் கேக்கப்போறது பாடத்துல சந்தேகம் இல்ல, ஆனா படிப்ப கெடுக்குற விஷயம்தான், அதனால கொஞ்சம் பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க.

டிசம்பர் 17 ஞாயித்துக்கிழமை, மார்கழி ஒண்ணு. அம்மா கலர் கோலப்பொடி முந்தின நாளே வாங்கி வச்சிருந்தாங்க. விடிஞ்சு பாத்தா வாசல்ல கால் வைக்க முடியல, அப்படி ஒரு மழை. சாயங்காலம் வரைக்கும் மழைன்னா பெய்யத்தான செய்யும்னு இருந்தோம். ராத்திரி கரண்ட் போச்சு, அப்புறம் டவரும் போச்சு. திங்கக்கிழமை ஆத்துத்தண்ணி தெருவுக்குள்ள வந்துட்டு. மொதல்ல வாறுகால் பொங்குன மாதிரிதான் இருந்துச்சு, அம்மா அரிசி டின்ன கட்டில் மேல தூக்கி வச்சாங்க, கொஞ்ச நேரத்துல கட்டிலே மிதக்க ஆரம்பிச்சுட்டு. ஆச்சிய அப்பா முதுகுல தூக்கிட்டு எதுத்த வீட்டு அண்ணாச்சி மாடிக்கு போனோம். பதினேழு பேரு மூணு நாளு அந்த மாடியில இருந்தோம்.

காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ., திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62ன்னு மழை பெஞ்சது எனக்கு அஞ்சாறு நாள் கழிச்சுதான் தெரியும். எங்க மாவட்டத்துல வருஷம் முழுக்க பெய்யுறதே 65 செ.மீ. சொச்சம்தான். திருச்செந்தூர்ல இருந்து கிளம்புன சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்லயே நின்னதும், அதுல 800 பேர் கிட்ட மாட்டிக்கிட்டதும், தண்டவாளத்துக்கு அடியில ஜல்லியெல்லாம் அரிச்சு கம்பி அந்தரத்துல தொங்குனதும், பக்கத்து ஊர்க்காரங்க சோறு பொங்கி கொடுத்ததும், எல்லாமே நான் அப்புறமா போன்லதான் பாத்தேன். சென்னையில இருக்க எங்க சித்தி அந்த நேரத்துலயே டிவியில பாத்துட்டு எங்களுக்கு போன் போட்டு போட்டு அழுதிருக்காங்க. எங்களப் பத்தின செய்திய எங்களத் தவிர எல்லாரும் பாத்திருக்காங்க. நாங்க ஹெலிகாப்டர் சத்தம் மட்டும்தான் கேட்டோம்.

தண்ணி வடிஞ்ச பிறகு ஒரு சேனல்ல இருந்து வந்தாங்க. எங்க வாழைத்தோட்டத்த எடுத்தாங்க. எல்லாம் தார் போட்டு நின்ன நாட்டு வாழை, பொங்கலுக்கு வெட்டணும்னு இருந்தது, வேரோட சாஞ்சு சேத்துல கெடந்துச்சு. அப்பாவ அதுக்குள்ள நடந்து வரச்சொன்னாங்க. நடந்தாங்க. சரியா வரல, இன்னொருக்க நடங்கன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லாம திரும்பிப்போய் மறுபடி நடந்து வந்தாங்க. அவங்க வேலைய அவங்க செஞ்சாங்க, கோவம் இல்ல, ஆனா அந்த ரெண்டாவது நடை என் கண்ணுக்குள்ளயே நிக்கு.

அதுக்கப்புறம் 28ஆம் தேதி காலையில விஜயகாந்த் இறந்துட்டாருன்னு செய்தி வந்துச்சு. எங்கப்பா அவரோட பெரிய ரசிகர், அன்னைக்கு சேறு அள்ளுறத நிறுத்திட்டு திண்ணையில உக்காந்துட்டாங்க, வெள்ளத்துக்கே அழாத மனுஷன் அழுதாங்க. நானும் அழுதேன். ஆனா அன்னையில இருந்து எங்க வெள்ளம் டிவியில இல்ல. அது தப்புன்னு நான் சொல்லல, அவ்ளோ பெரிய மனுஷருக்கு நாடே அழத்தான் செய்யும். ஆனா எங்க வீட்டுச் செவுத்துல காலண்டர் ஆணிக்கு ஒரு சாண் மேல வரைக்கும் தண்ணிக்கோடு அப்படியேதான் இருந்துச்சு.

அன்னையில இருந்து ஒரு நோட்டு போட்டு எழுதுதேன். இடது பக்கம் அன்னைக்கு என்ன செய்தியோ அது, வலது பக்கம் எங்க வீட்டுல என்ன நடந்துச்சோ அது. ஜனவரி 1 இடது பக்கம் ஜப்பான் நோட்டோ நிலநடுக்கம் 7.6, வலது பக்கம் ஆச்சியோட டிரங்குப்பெட்டிய திறந்தோம், தாத்தா போட்டோவுல முகம் மட்டும் அழிஞ்சுட்டு, வேட்டி மட்டும் இருக்கு. நிலநடுக்கம் வந்த வாஜிமா ஊர்ல எரிஞ்சுபோன மார்க்கெட்ட பாத்தப்போ எனக்கு ஏரல் கடைத்தெருதான் ஞாபகம் வந்துச்சு. முன்னாடியெல்லாம் ஜப்பான்ல நிலநடுக்கம்னா ஜிகே கேள்வியா நினைச்சு எழுதி வைப்பேன். இப்போ அந்த ஊர்ல ஒரு ப்ளஸ் டூ புள்ள என்ன பண்ணும், அதோட புக் எங்க இருக்கும்னுதான் தோணுது.

ஜனவரி 6 இடது பக்கம் சூரியன ஆராயப்போன ஆதித்யா எல்1 விண்கலம் போய்ச் சேந்துட்டு, 15 லட்சம் கிலோமீட்டர். திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி மேடம் நம்ம செங்கோட்டைக்காரங்க, திருநெல்வேலி அரசு இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவங்க. வலது பக்கம் அன்னைக்குத்தான் என் பிசிக்ஸ் ரெண்டாவது தொகுதி காஞ்சு முடிஞ்சுது. புதுப் புக் கொடுத்துட்டாங்க, ஆனா பழசுலதான் நான் பென்சில்ல குறிப்பு எழுதி வச்சிருக்கேன், அதான் விட மனசில்ல. ஒவ்வொரு தாளா பிரிச்சு நடுவுல பழைய பேப்பர் வச்சு வெயில்ல காயப்போட்டேன், ஒளியியல் பாடம் மட்டும் கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, நகத்தால பிரிச்சா எழுத்து பக்கத்துத் தாளோட போயிருது. தாள் எல்லாம் அப்பளம் மாதிரி நெளிஞ்சு இருக்கு, புக்க மூடவே முடியல.

இப்போ வீட்டுல சண்டை. அண்ணன் சொல்லுதான், நீ செய்தி பாக்கேன் எழுதுதேன்னு டைம வீணாக்குத, மார்க் போச்சுன்னா இந்த நோட்டா வந்து சீட்டு வாங்கிக்கொடுக்கும்னு. அப்பாவும் போன வாங்கி வச்சுட்டாங்க, இது சித்தி போன்ல இருந்து டைப் பண்ணுதேன், பொங்கலுக்கு வந்தவங்க இன்னும் ஊர்லதான் இருக்காங்க. ரெக்கார்டு நோட்டு நனஞ்சுபோனதால மொத்தத்தையும் திரும்ப எழுதணும், அரைப்பரீட்சை ஜனவரிக்கு தள்ளிப்போய் இப்பதான் முடிஞ்சுது. நேரம் இல்லைங்கிறது எனக்கும் தெரியும். ஆனா எழுதாம படுத்தா தூக்கம் வர மாட்டேங்குது.

இன்னொண்ணும் சொல்லணும், சின்ன விஷயம்தான். டிசம்பர் ஆரம்பத்துல சென்னைய அடிச்சது மிக்ஜாம். எல்லாரும் மிக்ஜாம்னு சொன்னா புரிஞ்சுக்குதாங்க. எங்களுக்கு வந்தது புயல் இல்ல, குமரிக்கடல் பக்கம் மேலடுக்கு சுழற்சின்னு சொன்னாங்க. அதுக்குப் பேரே வைக்கல. பேர் இல்லாதத எல்லாரும் எப்படி ஞாபகம் வச்சுக்குவாங்க? யாராவது சொல்லுங்க, நான் இத நிறுத்தணுமா வேண்டாமா.


முடிச்சூர்வாசி
2024 ஜனவரி 20, இரவு 10.55

தங்கச்சி, உன் பதிவ ரெண்டு தடவ படிச்சேன். 2015 வெள்ளத்தப்போ நான் பத்தாவது. எங்க வீடு முடிச்சூர்ல, அடையாறு பக்கம். டிசம்பர் 1 ராத்திரி, செம்பரம்பாக்கத்துல 29,000 கன அடி திறந்தாங்கன்னு பின்னாடி எல்லா பேப்பர்லயும் வந்துச்சே அந்த ராத்திரி, எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் படுத்த வாக்குல ஹால்ல மிதந்துட்டு இருந்துச்சு. அப்பா செல்ஃப்ல இருந்த சர்டிபிகேட் பைய மட்டும் தலை மேல வச்சுக்கிட்டு படியேறினாரு.

நான் பண்ண தப்ப சொல்றேன், நீ அத பண்ணாத. அடுத்த ரெண்டு மாசம் நான் எங்க வெள்ளத்தோட வீடியோவ தேடித்தேடி பாத்துட்டே இருந்தேன். எங்க தெரு எதுலயாவது வருதா, எங்க வீடு தெரியுதான்னு. ஒரு வீடியோவுல தெருமுனை தெரிஞ்சுது, அத மட்டும் நூறு தடவ பாத்திருப்பேன். அது எழுதுற மாதிரி கிடையாது, புண்ண நோண்டுற மாதிரி. கணக்குல மார்க் குறைஞ்சதுக்கு அதுதான் காரணம்னு இன்னைக்கும் நினைக்கிறேன்.

ஆனா நீ செய்யுறது வேற மாதிரி தெரியுது. வலது பக்கத்த நீ யாரோட வீடியோவுல இருந்தும் எடுக்கல, உன் வீட்டுல இருந்து எடுக்குற. அத விடாத. இடது பக்கத்துக்கு மட்டும் ஒரு கணக்கு வச்சுக்கோ. காலையில பேப்பர்ல தலைப்பு, இல்ல ராத்திரி ஒரு செய்தி அறிக்கை, அவ்ளோதான். போன எடுத்து மேல தள்ளிக்கிட்டே போனா முடிவே கிடையாது, அதுக்கு கீழ கமெண்ட் வேற, யாரோ நிவாரணம் 6,000 ரூபாய் வாங்கினத பத்தி தப்பா பேசுவான், அது உன்ன ஒரு நாள் முழுக்க அரிக்கும். எனக்கு அரிச்சுது.

எங்க வீட்டுலயும் தண்ணிக்கோடு இருந்துச்சு. பெயின்ட் அடிச்சப்போ அம்மா ஒரு அடி நீளத்துக்கு அடிக்க விடல, அது இன்னும் பீரோ பின்னாடி இருக்கு.


எய்ம்_மெடிக்கல்
2024 ஜனவரி 21, காலை 6.20

எல்லாரும் எழுது எழுதுன்னு சொல்லுவாங்க, நான் வேற சொல்றேன், கோச்சுக்காதீங்க. மார்ச் 1க்கு 40 நாள்தான் இருக்கு. எங்க வீட்டுல படிச்ச மொத ஆள் நான்தான், போன வருஷம் ப்ளஸ் டூ எழுதுனேன், இப்போ ரிப்பீட் பண்றேன். போன வருஷம் எங்க தாத்தா ஜனவரியில தவறிட்டாரு. என்னால முடியும், எல்லாத்தையும் சேத்து தூக்கிட்டு ஓடிருவேன்னு நினைச்சேன், முடியல. துக்கத்துக்கும் நேரம் வேணும் படிப்புக்கும் நேரம் வேணும், நாளுக்கு இருக்குறது 24 மணி நேரம்தான். உங்க அண்ணன் சொல்றது கடுமையா இருந்தாலும் உங்க மேல உள்ள அக்கறையிலதான் சொல்றாரு. வாழை போயிருச்சு, இந்த வருஷம் உங்க வீட்டுல வருமானம் என்னன்னு நினைச்சுப் பாருங்க. அரசுப் பள்ளி மாணவியா இருந்தா மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கு, அத விட்றாதீங்க. நோட்ட எக்ஸாம் முடியுற வரைக்கும் ஆச்சிகிட்ட கொடுத்து வைங்க, அது எங்கயும் போகாது, மார்ச் 22 எக்ஸாம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே உக்காந்து எழுதுங்க. இத உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.


கீச்சாங்குப்பம்04
2024 ஜனவரி 21, காலை 11.15

பாப்பா, நான் நாகப்பட்டினம், மீனவக் குடும்பம். இப்ப எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. 2004 டிசம்பர் 26 அதுவும் ஞாயித்துக்கிழமதான். நான் ஏழாவது படிச்சேன். நீ பேர் இல்லன்னு எழுதியிருக்க பாரு, அத படிச்சதும் எனக்கு கை நடுங்கிருச்சு, ஏன்னா எங்களுக்கும் அன்னைக்கு அதுக்கு பேர் தெரியாது. சுனாமிங்குற வார்த்தைய எங்க ஊர்ல ஒருத்தரும் கேட்டதே இல்ல. கடல் பொங்கிருச்சு, கடல் உள்ள வந்துருச்சுன்னுதான் கத்திக்கிட்டு ஓடுனோம். ரெண்டு மூணு நாள் கழிச்சு கேம்ப்ல ரேடியோவுலதான் அந்த வார்த்தைய கேட்டேன். எங்க மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. அதுல எங்க சின்னம்மா வீடு மொத்தமும் அடக்கம்.

பேர் வந்ததுனால எல்லாரும் ஞாபகம் வச்சுக்கிட்டாங்கதான், வருஷா வருஷம் டிசம்பர் 26 ஆனா மைக்க தூக்கிட்டு வருவாங்க, மெழுகுவத்தி, பால் ஊத்துறது, எல்லாம் நடக்கும், நானும் போவேன். ஆனா அந்த சுனாமிங்குற பேருக்குள்ள எங்க சின்னம்மா இல்ல. அவங்க அன்னைக்கு காலையில எங்க வீட்டுக்கு வந்து, மொத நாள் வாங்கிட்டு போன உரல திருப்பிக் கொடுத்துட்டு, டீ குடிச்சுட்டு போடின்னு அம்மா சொல்லியும் கேக்காம புள்ளைங்க எந்திரிச்சிருக்கும்னு போனாங்க. அத யாரும் எழுதல. நானும் எழுதல, எனக்கு அப்ப எழுதணும்னு தெரியல. இப்ப என் பெரிய பொண்ணு கேக்குது, சின்னப்பாட்டி எப்படி இருப்பாங்கன்னு, எனக்கு சேலை கலரு கூட சட்டுன்னு வரல. இருபது வருஷம் ஆகப்போவுது.

அதனால நீ எழுது. அந்த தம்பி படிக்கச் சொல்றதும் நெஜம்தான், எனக்கு கேம்ப்ல இருந்துட்டு படிப்பு ஒட்டவே இல்ல, ஒம்பதாவதோட நின்னுட்டேன். நீ அப்படி நின்னுறாத. ரெண்டையும் பண்ணு. உங்க ஆச்சிகிட்ட தாத்தா முகம் எப்படி இருக்கும்னு கேட்டு எழுதி வை, போட்டோல அழிஞ்சா என்ன, அவங்களுக்கு தெரியும்ல. முக்கியமா இத இப்பவே பண்ணு, மார்ச் வரைக்கும் தள்ளாத, வயசானவங்க.


சாக்பீஸ்
2024 ஜனவரி 21, மாலை 4.30

நான் திருநெல்வேலி பக்கம் ஒரு ஸ்கூல்ல தமிழ் வாத்தியார். எங்க ஸ்கூல்லயும் புக் நனஞ்ச புள்ளைங்க நிறைய. ஒவ்வொண்ணா சொல்லுதேன்.

ரெக்கார்டு நோட்ட பத்தி பயப்படாதம்மா. உங்க டீச்சர்கிட்ட நேரா போய் நில்லு, எங்க ஸ்கூல்ல நனஞ்ச ரெக்கார்ட அப்படியே வாங்கி, முக்கியமான சோதனைய மட்டும் திரும்ப எழுதச் சொல்லி கையெழுத்து போட்டுக் கொடுத்தோம். உங்க ஸ்கூல்ல என்ன முடிவுன்னு கேக்காமலேயே நீ மொத்தத்தையும் எழுதிக்கிட்டு இருக்காத.

நோட்டு எழுதுறது உன் தமிழ் பேப்பருக்கும் கை பழகும், ஆனா அதுக்காக எழுதுன்னு நான் சொல்ல மாட்டேன், இதப் போய் மார்க்குக்கு கொண்டுபோய் கட்ட எனக்கு மனசு வரல. கால் மணி நேரம், ஒரு பக்கம், படுக்கப் போறதுக்கு முன்னாடி. எழுதாம தூக்கம் வரலைன்னு சொல்லுத, அப்போ அந்த கால் மணி நேரம் உனக்கு தூக்கத்த கொடுக்குது, தூக்கம் இருந்தாத்தான் மறுநாள் படிப்பு ஏறும். இத அப்படியே உங்க அப்பாகிட்ட சொல்லு. நோட்ட ஒளிச்சு வைக்காத, அவங்க கையில கொடுத்து படிக்கச் சொல்லு. ரெண்டாவது தடவ நடந்தத நீ பாத்துக்கிட்டு இருந்தன்னு அவங்களுக்கு தெரியட்டும்.

பேர் விஷயம். 1992 நவம்பர்ல நம்ம ஆத்துல பெரிய வெள்ளம் வந்துச்சு, நான் அப்போ சின்னப் பையன். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆத்துக்குள்ளயே இருக்குல்லா, வெள்ளம் வந்தா எங்க அப்பா அந்த கோயில வச்சுத்தான் அளவு சொல்லுவாங்க, மண்டபம் முங்கிட்டா, கோபுரம் வரைக்கும் ஏறிட்டான்னு. அந்த வெள்ளத்துக்கும் வானிலை ஆபீஸ்ல பேர் வச்ச மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா எங்க தெருவுல இன்னைக்கும் தொண்ணூத்திரெண்டு வெள்ளம்னா பெரியவங்க உடனே கைய நெஞ்சு உயரத்துக்கு காட்டுவாங்க. உங்க ஆச்சிக்கும் அது ஞாபகம் இருக்கும். அவங்க அத என்ன சொல்லி கூப்பிடுதாங்கன்னு கேட்டுப் பாரு.


தெக்கத்திப்புள்ள
2024 ஜனவரி 21, இரவு 9.25

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கீச்சாங்குப்பம் அக்கா, உங்க பதிவ அம்மாகிட்ட வாசிச்சுக் காமிச்சேன், அம்மா அடுப்ப அணைச்சுட்டு வந்து உக்காந்து கேட்டாங்க. உங்க சின்னம்மா உரல திருப்பிக்கொடுத்துட்டு போனத நான் என் நோட்டுல எழுதி வச்சுக்கிடட்டுமா? நீங்க சரின்னா மட்டும்.

எய்ம் மெடிக்கல் அண்ணா, நீங்க சொன்னதுல எனக்கு வருத்தமே இல்ல, உங்க தாத்தாவ பத்தி படிச்சதும் என் அண்ணன் மேல இருந்த கோவமும் போயிட்டு. போன அப்பாகிட்டயே இருக்கட்டும்னு நானே சொல்லிட்டேன். ஆச்சிகிட்ட நோட்டக் கொடுத்து வைக்கிறது மட்டும் முடியல, ஏன்னா இன்னைக்கு ஆச்சியே எழுதச் சொல்லுதாங்க.

சார் சொன்ன மாதிரி மத்தியானம் சாப்பிட்டுட்டு ஆச்சிகிட்ட கேட்டேன். தொண்ணூத்திரெண்டு வெள்ளத்த அவங்க ஐப்பசி வெள்ளம்னு சொல்லுதாங்க. அப்போ எங்க அத்தைக்கு கல்யாணம் பேசி வச்சிருந்து, வெள்ளத்துல துணிமணியெல்லாம் போயி, தை மாசத்துக்கு தள்ளி வச்சாங்களாம். இதெல்லாம் எனக்கு இத்தன வருஷம் தெரியாது. தாத்தா முகத்த கேட்டேன். இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு, வாழையிலை அறுக்கும்போது சின்ன வயசுல அருவா பட்டதாம், சிரிக்கும்போது அது மேல ஏறுமாம். இப்போ நடந்த வெள்ளத்துக்கு என்ன பேருன்னு கேட்டேன், ஆச்சி யோசிக்கவே இல்ல, மார்கழி ஒண்ணாந்தேதி வெள்ளம்னு சொல்லிட்டாங்க. தெருவுல எல்லா ஆச்சிகளும் அப்படித்தான் சொல்லுதாங்களாம், நான்தான் கவனிக்கல.

நோட்ட அப்பாகிட்ட கொடுத்தேன். வாசிச்சாங்க. ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் வந்து, அன்னைக்கு சாஞ்சது மொத்தம் எத்தன வாழைன்னு நீ எழுதலயேன்னு கேட்டு, 1,140ன்னு சொல்லிட்டுப் போனாங்க. எழுதிட்டேன்.

28ஆம் தேதியில இருந்துதான் நான் எழுத ஆரம்பிச்சதால முன்னாடி பக்கமெல்லாம் இல்ல. இன்னைக்கு ராத்திரி முதல் பக்கத்துல மார்கழி ஒண்ணுன்னு போட்டு வலது பக்கம் எழுதப்போறேன், கால் மணி நேரம்தான், அப்புறம் அலை ஒளியியல் படிக்கணும். இடது பக்கத்துக்கு மட்டும் என்கிட்ட ஒண்ணும் இல்ல, அந்த நாலு நாள் உலகத்துல என்ன நடந்துச்சுன்னு எனக்கு தெரியாது, எங்க ஊருக்கு பேப்பரும் வரல. யார்கிட்டயாவது டிசம்பர் 18, 19, 20 தேதி பேப்பர் இருந்தா முதல் பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து போடுவீங்களா?


சாக்பீஸ்
2024 ஜனவரி 21, இரவு 10.05

19ஆம் தேதி பேப்பர் வீட்டுல இருக்கு, பரண்ல கட்டி வச்சிருக்கேன். 18 எங்களுக்கும் வரல. நாளைக்கு காலையில வெளிச்சத்துல எடுத்துப் போடுதேன்மா.


முடிச்சூர்வாசி
2024 ஜனவரி 21, இரவு 10.30

18ம் 20ம் சென்னைப் பதிப்பு என் ரூம்மேட்கிட்ட இருக்கும், கேட்டுட்டு போடறேன்.